முதன்முறையாக மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் சாப்பிடப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் மலையேறும் வழியில் கல்லாறும் பர்லியாரும் வரும். கல்லாறு அரசு தோட்டக்கலைப் பண்ணை 1900இல் தொடங்கியது. பர்லியார் பண்ணை அதற்கும் மூத்தது. மலாய் நாட்டு மழைக்காட்டு மரங்கள் நம் கொங்குச் சீமையின் ஓரத்தில் காய்ப்பது இந்த ஈரமான சரிவுகளால்தான். சாலையோரக் கடையில் ஆசையாக வாங்கி, தவறாக உடைத்து, கசந்துவிட்டது என்று துப்பிவிட்டு, “இது நமக்கு ஆகாது” என்று சொல்வோர் நிறைய. பெரும்பாலும் கெட்டது பழமல்ல. பழுக்காததை வாங்கியதும் தோலோடு கடித்ததும்தான் காரணமாக இருக்கும். அதைத் தவிர்க்கவே இந்தப் பதில்கள்.

மூணுல எதை மொதல்ல சாப்பிடறதுங்க?

மங்குஸ்தான். நன்றாகப் பழுத்த மங்குஸ்தானைப் பிடிக்கவில்லை என்று சொல்பவர் அரிது. உள்ளே மலைப்பூண்டுப் பல் போல வெள்ளைச் சுளைகள் வட்டமாக இருக்கும். இனிப்போடு சின்னப் புளிப்பு, வாயில் வைத்ததும் கரையும் சதை.

ரம்புட்டான் அடுத்தது. நுங்கின் வழுவழுப்பும் திராட்சையின் இனிப்பும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். துரியனைக் கடைசியில் வையுங்கள், அதையும் வேறொரு நாளில். துரியன் தின்ற வாய்க்கு அன்றைக்கு வேறெந்தப் பழத்தின் மணமும் தெரியாது. புதுப்பழம் மூன்றையும் ஒரே மூச்சில் தின்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. அரிப்போ வயிற்றுவலியோ வந்தால் எந்தப் பழத்தால் என்று கண்டுபிடிக்க முடியாது.

எந்த மாசத்துல, எங்க கிடைக்குமுங்க?

மலையடிவாரத்துப் பழம் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை, அதாவது ஆனி, ஆடி, ஆவணியில் வரும். மழையைப் பொறுத்து முன்பின் ஆகும். பர்லியார் சாலையோரக் கடைகள், மேட்டுப்பாளையம், கோவை பழக்கடைகளில் பார்க்கலாம். கேரளத்துப் பழமும் இதே காலத்தில் பாலக்காடு வழியாக வரும்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. கல்லாறு கோவை மாவட்டம், பர்லியார் நீலகிரி மாவட்டம். நீலகிரிக்குள் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் நடைமுறை வந்திருக்கிறது. கிளம்பும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பிளாஸ்டிக் பைக்குத் தடை, அதனால் மஞ்சப்பை எடுத்துப் போங்கள். கல்லாறு பண்ணை யானை வழித்தடத்தில் இருப்பதால் உள்ளே விடுகிறார்களா என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. பர்லியாரில் பழப்பையைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் குரங்கு பறித்துவிடும்.

நல்ல மங்குஸ்தான்னு கடையில எப்படிக் கண்டுபிடிக்கிறது?

கண்ணைவிடக் கட்டைவிரலை நம்புங்கள். தோலைப் பக்கவாட்டில் மெல்ல அழுத்தினால் ரப்பர் பந்து போலக் கொஞ்சம் அமுங்க வேண்டும். கொட்டாங்குச்சி போல இறுகியிருந்தால், நிறம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். பழசானாலும் கீழே விழுந்து அடிபட்டாலும் தோல் அப்படித்தான் இறுகும், உள்ளே சுளை பழுப்பாகி அழுகியிருக்கும். பழத்தின் ஒரு பக்கம் மட்டும் இறுகியிருந்தால் அது அடிபட்ட இடம்.

நிறம் கருஞ்சிவப்பிலிருந்து கத்தரி ஊதா வரை இருக்கலாம். இளஞ்சிவப்பில் பறித்த பழம் வீட்டிலேயே இரண்டு மூன்று நாளில் ஊதாவாகிப் பழுக்கும், எனவே இரண்டு நாள் கழித்துச் சாப்பிட வேண்டுமென்றால் அதையே வாங்கலாம். வெளிர்ப்பச்சையில் பறித்தது சரியாகப் பழுக்காது. காம்புப் பக்கத்துத் தொப்பி இதழ்கள் பச்சையாக இருந்தால் புதுசு, காய்ந்து சுருண்டிருந்தால் பழசு.

பழத்தின் அடியில் சின்னப் பூ மாதிரி ஒரு தடம் இருக்கும். அதன் இதழ்களை எண்ணுங்கள். எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பெரும்பாலும் ஐந்து முதல் எட்டு. குழந்தைகளிடம் எண்ணச் சொல்லிவிட்டு உடைத்துக் காட்டினால் அவர்கள் தானாகவே ஒரு சுளை கேட்பார்கள். இதழ் அதிகமுள்ள பழத்தையே பொறுக்குங்கள். சுளை கூடும்போது ஒவ்வொன்றும் சிறிதாகி, கொட்டையில்லாச் சுளைகள் அதிகமாகக் கிடைக்கும்.

எத்தனை கிலோ வாங்கறது? தோலே பாதிக்கு மேல இருக்குதுங்களே?

உண்மைதான். மங்குஸ்தானில் தின்னக்கூடிய சதை மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கிலோவுக்குப் பத்துப் பன்னிரண்டு பழம் நிற்கும், சுளை 250 முதல் 300 கிராம் தேறும். கிலோ 400 ரூபாய் என்றால் நீங்கள் தின்னும் சுளையின் விலை கிலோவுக்கு 1,300 ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டுக்கொண்டு பேரம் பேசுங்கள். முதன்முறை நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு ஒரு கிலோ போதும். துரியனிலும் இதே கதைதான், 2 கிலோ பழத்தில் அரைக் கிலோ சுளை வந்தால் பெரிது.

எப்படிங்க உடைக்கிறது? கறை படியுமாமே?

வெள்ளை வேட்டியோடு உட்கார வேண்டாம். மங்குஸ்தான் தோலின் ஊதாச் சாறு துணியில் பட்டால் பழுப்புக் கறையாகி நிற்கும். பழைய துண்டை மடியில் விரித்து, வட்டலில் வைத்து உடையுங்கள்.

நன்றாகப் பழுத்ததாக இருந்தால் கத்தியே வேண்டாம். தொப்பியைக் கிள்ளி எறிந்துவிட்டு, பழத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பக்கவாட்டில் அழுத்துங்கள். தோல் விரிசல் விடும். அங்கே விரல் நுழைத்துப் பிரியுங்கள். அழுத்தம் அதிகமானால் சுளை நசுங்கித் தோல்சாறு அதில் ஊறிவிடும், அதனால் விரிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

கத்தி வைத்தால், நடு இடுப்பைச் சுற்றி அரை சென்டிமீட்டர் ஆழம் மட்டும் கீறுங்கள். தோலின் கனம் அவ்வளவுதான். பிறகு மேல் பாதியைத் திருகினால் மூடி போலக் கழன்று வரும், கீழ்ப்பாதி கிண்ணமாக நிற்கும். ஆழமாக வெட்டினால் சுளையும் அறுபடும், கொட்டையும் வெட்டுப்பட்டுக் கசக்கும்.

தோலை வாயில் வைக்கக் கூடாது. கொய்யாவைக் கடிப்பதுபோல் கடித்தவர்கள்தான் ‘கசக்குது’ என்று சொல்பவர்கள். தோலில் துவர்ப்பு அவ்வளவு அதிகம். சுளையை முள்கரண்டியால் எடுப்பது உத்தமம். சிறிய சுளைகளில் பெரும்பாலும் கொட்டை இருக்காது, ஒன்றிரண்டு பெரிய சுளையில் இருக்கும். அதைச் சப்பிவிட்டுத் துப்பிவிடுங்கள். தொப்பியடியில் எறும்பு இருப்பது சகஜம். பத்து நிமிடம் உப்புத்தண்ணீர்ப் போசியில் மிதக்கவிட்டால் வெளியே வந்துவிடும்.

உள்ளே மஞ்சளாகக் கோந்து இருந்துச்சு. சில சுளை கண்ணாடி மாதிரி இருந்துச்சு. பூச்சிமருந்துங்களா?

இல்லை. மஞ்சள் கோந்து மரத்தின் சொந்தப் பால். காய் வேகமாக நீர் குடித்துப் பருக்கும்போது தோலுக்குள் இருக்கும் பால்குழாய்கள் வெடித்துச் சுளைமேல் கசியும். அந்தச் சுளை கசக்கும். ஒரு சுளையில் மட்டும் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டு மற்றதைத் தின்னலாம். கண்ணாடிச் சுளைக்கும் பெருமழைதான் காரணம். சதைக்குள் நீர் ஏறி, வெள்ளை போய், கரகரவென்று சப்பென்றிருக்கும். தீங்கில்லை, ருசி குறைவு.

அறுவடைக்கு முன் விடாமல் மழை பெய்த வாரங்களில் இந்த இரண்டும் அதிகம் வரும். அப்போது ஒரு பழத்துக்குக் காசு கொடுத்து அங்கேயே உடைத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிரிட்ஜில வைக்கலாமுங்களா?

மங்குஸ்தானை வைக்காதீர்கள். வீட்டுப் பிரிட்ஜின் குளிர் அதற்கு அதிகம். நாலைந்து நாளில் தோல் கல்லாகிவிடும். கூடையில் ஒன்றன்மேல் ஒன்று குவிக்காமல் நிழலில் பரப்பி வைத்தால் அதே நாலைந்து நாள் நன்றாக இருக்கும். ரம்புட்டானுக்கு நேர்மாறு. வெளியே வைத்தால் இரண்டு மூன்று நாளில் அதன் தோலில் உள்ள முடி கறுத்துச் சுருங்கும், மூடிய டப்பாவில் போட்டுப் பிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

ரம்புட்டான்ல கவனிக்க என்ன இருக்குதுங்க?

பறித்த பின் பழுக்காது என்பது முதல் விஷயம். பச்சையாக வாங்கி அரிசிக்குள் புதைத்து வைத்தாலும் இனிக்காது. முழுச் சிவப்பாகவோ, மஞ்சள் ரகமென்றால் முழு மஞ்சளாகவோ இருப்பதை வாங்குங்கள். முடியின் நுனியில் பச்சை தெரிந்தால் புதுப்பறிப்பு.

நகத்தால் நடுவில் கீறி, சுற்றிலும் பிளந்து, ஒரு பாதியைக் கழற்றுங்கள். பல்லால் கடித்துத் திறக்கும் பழக்கம் வேண்டாம், கழுவாத தோல் அது. சில மரத்துப் பழத்தில் சதையோடு கொட்டையின் மேல்தோல் ஒட்டிக்கொண்டு வரும். மரச்சீவல் மெல்லுவதுபோல் இருக்கும். அது ரகத்தின் குணம், பழத்தின் கோளாறு அல்ல. ஒட்டாத ரகமா என்று கேட்டு வாங்கலாம்.

சிறு குழந்தைகளுக்கு முழுப் பழமாகக் கொடுக்கவே கூடாது. வழுக்கும் சதை, உள்ளே பாதாம் அளவுக் கொட்டை, அப்படியே தொண்டையில் இறங்கி மூச்சை அடைக்கும். ஐந்து வயது வரை சதையைக் கத்தியால் சீவித்தான் கொடுக்க வேண்டும். பச்சைக் கொட்டையைத் தின்னாதீர்கள்.

துரியன் ஏனுங்க அப்படி நாறுது?

கந்தகச் சேர்மங்கள்தான் காரணம். சமையல் சிலிண்டர் கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று கலக்கும் எத்தில் மெர்காப்டான் துரியன் மணத்திலும் இருக்கிறது. 2018இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தையே வாயுக்கசிவு என்று நினைத்துக் காலிசெய்தார்கள். தேடிப் பார்த்தால் அலமாரியில் அழுகிய துரியன். இதோடு பழ இனிப்பு மணம் தரும் எஸ்டர்களும் கலந்திருக்கும். அதனால் ஒருவருக்கு அழுகிய வெங்காயம், இன்னொருவருக்கு முற்றிய பலா. 2017இல் துரியனின் முழு மரபணுத் தொகுதியைப் படித்தபோது, இந்தக் கந்தக மணத்தை உண்டாக்கும் ஒரு மரபணு துரியனில் பல மடங்கு பெருகியிருப்பது தெரிந்தது.

முள்ளைப் பார்த்துப் பலாவின் பங்காளி என்று நினைப்பார்கள். அது ஆலமரக் குடும்பம். துரியனோ பருத்தி, வெண்டை, இலவமரக் குடும்பம். பருத்தி விளைந்த சீமைக்கு ஒருவகையில் உறவுதான்.

வீட்டில் துரியன் இருக்கும் நாளில் ஒரு விஷயம் மறக்காதீர்கள். வாடை வந்தால் ‘பழந்தான்’ என்று விட்டுவிட வேண்டாம். சிலிண்டரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

நல்ல துரியனைப் பார்த்து வாங்கறது எப்படி?

காம்புப் பக்கம் மோந்து பாருங்கள். மணமே இல்லையென்றால் பழுக்கவில்லை. இனிப்பும் வெண்ணெயும் கலந்த மணம் வந்தால் சரி. புளித்த கள்ளு வாடை என்றால் தாண்டிவிட்டது. அடுத்தடுத்த இரண்டு முள்ளின் நுனிகளைச் சேர்த்து அழுத்துங்கள், கொஞ்சம் நெருங்கி வந்தால் பழம். பழத்தைக் காதருகே மெல்ல ஆட்டினால் சுளை லேசாக அசைவது கேட்கும். பிளவு விட்டதை வாங்காதீர்கள், உள்ளே காற்றும் பூச்சியும் போயிருக்கும்.

மலேசியாவில் மரத்திலிருந்து தானாக விழும்வரை காத்திருப்பார்கள், தாய்லாந்தில் முன்பே வெட்டி இறக்குவார்கள். விழுந்த பழம் ஓரிரு நாளுக்குள் தின்றாக வேண்டும், வெட்டிய பழம் சில நாள் தாங்கும். எனவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி, ‘விழுந்ததா, வெட்டினதா, என்னிக்கு?’

வெட்டறதுக்கு அருவாள் வேணுங்களா?

வேண்டாம், நடுவில் போட்டால் சுளையெல்லாம் நசுங்கும். கனமான சாக்குத்துணியோ தோல் கையுறையோ போட்டுக்கொள்ளுங்கள், முள் நிஜமாகவே குத்தும். காம்பு கீழே இருக்கும்படி பழத்தை நிறுத்துங்கள். இப்போது மேலே வரும் அடிப்பக்கத்தில் முட்கள் சேர்ந்து நட்சத்திரம்போல் ஓரிடம் தெரியும். அங்கிருந்து காம்புவரை முட்களுக்கிடையில் ஐந்து மங்கலான கோடுகள் ஓடும். நட்சத்திரத்தின் நடுவில் தடித்த கத்தியை மூன்று நாலு சென்டிமீட்டர் இறக்கித் திருகினால் ஒரு கோட்டில் பிளக்கும். பிறகு கையாலேயே விரியுங்கள். பழுத்தது எளிதாகப் பிரியும். முக்கி முக்கியும் பிரியவில்லையென்றால் அது இன்னும் பழுக்கவில்லை, ஒருநாள் விட்டுவிடுங்கள்.

உள்ளே ஐந்து அறை, ஒவ்வொன்றிலும் பழுப்புக் கொட்டையைச் சுற்றி வெளிர்மஞ்சள் சதை. பச்சைப் பலாச்சுளை போல விறைப்பாக இருந்தால் ருசி இருக்காது. பால்கோவா பதம்தான் சரியான பதம்.

வெட்டிய சுளையை மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பிரிட்ஜில் இரண்டு நாள் வைக்கலாம். திறந்து வைத்தால் பாலும் தயிரும் அந்த வாடை பிடித்துக்கொள்ளும். ஜன்னல் அடைத்த பேருந்தில் முழுப்பழம் கொண்டுபோகாதீர்கள். வெட்டி, டப்பாவில் அடைத்து எடுத்துப் போவதே சக பயணிகளுக்குச் செய்யும் மரியாதை. கொட்டையைப் பலாக்கொட்டை போல வேகவைத்தோ சுட்டோ தின்னலாம், பச்சையாக ஆகாது.

மொத வாய் எப்படிச் சாப்பிடறது?

திறந்தவெளியில், கோலிக்குண்டு அளவு. மோந்து கொண்டே இருக்காமல் வாயில் வைத்து, நாக்கில் பரவவிட்டு, பிறகு மூச்சு விடுங்கள். மூக்கு வழியே முன்னால் வரும் வாடையும், தின்னும்போது தொண்டை வழியே பின்னால் ஏறும் மணமும் வேறுவேறாகத் தோன்றும். இரண்டாவது வாயிலும் குமட்டினால் விட்டுவிடுங்கள், யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாத பழம் இது. வயிறு நிறைய விருந்து சாப்பிட்ட கையோடும் வேண்டாம். 100 கிராமில் 5 கிராம் கொழுப்பும் சுமார் 150 கலோரியும் உண்டு, வயிறு உப்பிக்கொள்ளும்.

துரியன் தின்னா குழந்தை பாக்கியம் கிடைக்குமாமே, நிசமுங்களா?

பர்லியார் துரியனுக்கு அவ்வளவு விலை கிடைப்பதற்கு இந்த நம்பிக்கையே பெரிய காரணம். தொலைதூரத்திலிருந்து தம்பதிகள் வந்து வாங்கிப் போகிறார்கள். அவர்கள் மனசு எங்களுக்குப் புரிகிறது. அதனாலேயே இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது: விந்தணுக் குறைவையோ, கருக்குழாய் அடைப்பையோ, சினைப்பை நீர்க்கட்டியையோ துரியன் குணப்படுத்தும் என்று நிரூபிக்கப்படவில்லை.

பழமாகத் தின்பதில் தவறில்லை. தவறு எங்கே நேர்கிறதென்றால், பழத்துக்காக அடுத்த சீசன் வரை காத்திருந்து பரிசோதனையைத் தள்ளிப்போடுவதில். ஓராண்டு முயன்றும் கரு தங்கவில்லையென்றால், பெண்ணுக்கு 35 வயதுக்கு மேலென்றால் ஆறே மாதத்தில், மருத்துவரைப் பார்க்க வேண்டும். கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே போக வேண்டும். பெண்ணை மட்டும் அனுப்பிவைப்பது நியாயமுமல்ல, பயனுமில்லை. ஆணுக்குச் செய்யும் விந்துப் பரிசோதனைதான் எல்லாவற்றிலும் எளியது, செலவு குறைந்தது. நீர்க்கட்டியோடு உடல் எடையும் சர்க்கரையும் கூடியிருக்கும் பெண்ணுக்கு ‘மருந்து’ என்று தினமும் துரியன் ஊட்டுவது எதிர்ப்பலனைத் தரும்.

எங்க அம்மிச்சிக்குச் சர்க்கரை இருக்குது. அப்பாருக்குக் கிட்னி பிரச்சினை. கொடுக்கலாமுங்களா?

அம்மிச்சிக்கு மங்குஸ்தான் சுளை நாலைந்து, சாப்பாட்டோடு சேர்க்காமல் இடைவேளையில், சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் கொடுக்கலாம். துரியன் 100 கிராமில் 27 கிராம் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கிறது, ஏறக்குறைய மூன்று சிறிய இட்லிக்குச் சமம். ருசி பார்க்க ஒரு துண்டு, அதற்கு மேல் வேண்டாம்.

அப்பாருக்குத் துரியன் வேண்டாம். 100 கிராமில் 430 மில்லிகிராமுக்கு மேல் பொட்டாசியம், வாழைப்பழத்தைவிட அதிகம். அதைவிட முக்கியம், பழக்கடையில் அழகாக வெட்டி வைத்திருக்கும் நட்சத்திரப்பழம். சிறுநீரகம் பழுதானவர்கள் அதை ஒரு துண்டுகூடத் தொடக்கூடாது. அதிலுள்ள ஆக்சலேட்டும் நரம்பைத் தாக்கும் நஞ்சும் சிறுநீரில் வெளியேறாமல் தங்கி, தொடர் விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று உயிருக்கே ஆபத்தாகும்.

துரியனும் மதுவும் சேர்ந்தா உசுருக்கே ஆபத்துங்கறாங்களே?

சேர்க்காமல் இருப்பதே நல்லது. உடலில் மதுவின் நச்சுக் கழிவை உடைக்கும் நொதியைத் துரியன் சாறு தடுப்பதை ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழக ஆய்வு 2009இல் சோதனைக்கூடத்தில் காட்டியது. முகம் சிவந்து, படபடத்து, வாந்தி வரலாம்.

ஒத்துக்காமப் போனா எப்படித் தெரியும்? வவ்வால் கடிச்ச பழம்?

முதன்முறை ஒரு சுளை தின்று அரைமணி நேரம் பொறுங்கள். உதடு, நாக்கு அரித்தால் நிறுத்திவிட்டு வாயைக் கொப்பளியுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108ஐ அழையுங்கள்.

கடித்த தடமோ நகக்கீறலோ உள்ள பழத்தை ‘அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுத் தின்னலாம்’ என்று எடுக்க வேண்டாம். 2018இல் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா வைரஸ் வந்த பிறகு இது வெறும் எச்சரிக்கையல்ல. பழந்தின்னி வவ்வால்கள் அந்த வைரஸைச் சுமப்பவை. தரையில் கிடந்த பழத்தைப் பொறுக்குவதும் வேண்டாம். மற்றவற்றையும் கழுவிவிட்டுத்தான் உரிக்க வேண்டும்.

முட்டைப்பழம்னு ஒண்ணு விக்கறாங்களே?

சப்போட்டாவின் உறவு. அவித்த முட்டையின் மஞ்சள் கரு போலவே நிறமும் மாவுத்தன்மையும். நன்றாகத் தளர்ந்த பிறகே தின்ன வேண்டும், இல்லையென்றால் பால் பிசின் உதட்டில் ஒட்டும். அப்படியே தின்றால் தொண்டை அடைக்கும். ஒரு பழத்துக்கு ஒரு டம்ளர் பால், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை போட்டு அடித்துக் குடித்தால் அருமை.

கொட்டையைப் போட்டா எங்க தோட்டத்துல வருமுங்களா?

மங்குஸ்தான் கொட்டை காய்ந்தால் செத்துவிடும். தின்ற அன்றோ மறுநாளோ சதையைக் கழுவிவிட்டு, மக்கிய எருவும் மணலும் கலந்த பையில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டு நிழலில் வையுங்கள். மூன்று நாலு வாரத்தில் முளைக்கும். மகரந்தச் சேர்க்கை இல்லாமலே உருவாகும் கொட்டை என்பதால் தாய்மரத்தின் குணம் அப்படியே வரும். ஆனால் காய்க்க எட்டுப் பத்து வருடம் ஆகும். ரம்புட்டானைக் கொட்டையில் நடாதீர்கள், ஆண்மரம் வந்துவிடலாம், ஒட்டுக்கன்று வாங்குங்கள். துரியனுக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

இடம்தான் பெரிய கேள்வி. இந்த மரங்களுக்கு ஆண்டு முழுக்க ஈரக்காற்றும், கன்றாக இருக்கும்போது நிழலும் வேண்டும். காங்கயம், தாராபுரம், அவினாசிப் பக்கத்து வறண்ட காற்றுக்கும் உப்புக் கலந்த போர்த்தண்ணீருக்கும் இலை ஓரம் கருகும், கன்று நிற்காது. பொள்ளாச்சி, ஆனைமலை அடிவாரத்தில் வாய்க்கால் பாசனம் உள்ள தென்னந்தோப்புக்குள் ஊடுபயிராக வைத்தால் நம்பிக்கை உண்டு. முதல் மூன்று வருடம் தென்னை ஓலையால் நிழல் கட்டி, அடியில் சருகு மூடாக்குப் போட்டு, மண் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.